ஒரு கைக்கு ஒரு பெட்டி

சனிக்கிழமை காலை ஜெயா வருவாளென்று மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது அவள் கணவர் குமார் அழைத்தார். "அக்கா, ஜெயா போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். அவர் அழுத பிறகுதான் புரிந்தது.

நீங்கள் அவளைச் செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தின் ஆபீஸ் கிராணியாக, கணக்கெழுதுகிறவளாக அறிவீர்கள். எனக்கு அவள் மாடுலர் சிந்தசைசர் கூட்டாளி. ஒலி எழுப்ப ஒன்று, அதைத் திருத்த ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் கருவிகளைப் பெட்டியில் பதித்து, ஒயர்களால் இணைத்து வாசிப்போம். கோயில் மண்டபத்தில் அவள் வாசித்ததைக் கேட்டு, ரேடியோ கெட்டுப்போச்சா என்று விசாரித்தவர்களும் உங்களில் உண்டு.

சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்காக அவள் இடக்கையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தக் கையால் இனிப் பாரம் தூக்கக் கூடாது. ஒரே பெரிய பெட்டிக்கு நாங்கள் திட்டம் போட்டிருந்த நேரம் அது. ஜெயா அதைக் கலைத்து மூன்று சிறு பெட்டிகளாக்கினாள். ஒவ்வொன்றும் வலக்கை தாங்கும் கனம், மோட்டார் சைக்கிள் கூடையில் அடங்கும் அளவு. "எத்தன பெட்டி தூக்க முடியுதோ, அன்னைக்கு அத்தனதான் பாட்டு" என்பாள்.

மூன்றிலும் தனித்தனியாகத் தாளக் கருவி எதற்கு, இடம் வீண்தானே என்று மல்லுக்கு நின்றேன். "ஒண்ணு வரலன்னா மத்தது வாய மூடிட்டு இருக்கணுமா லா?" என்றாள். என் வாயை அடைக்க அவளால்தான் முடியும். சேர்ந்து வாசிக்கும்போது தாளம் பிசகாமல் இருக்க, பெட்டிக்குப் பெட்டி ஒரே ஓர் ஒயர் போகும்.

கடைசியாக வந்த நாட்களில், தெமியாங்கில் இருக்கும் என் வீட்டிலேயே ஒவ்வொரு பெட்டியாக விட்டுப்போனாள். மறுபடி தூக்க வேண்டாமே என்றாள். சோம்பேறி என்று கிண்டல் செய்தேன். போன தடவை மூன்றாவதையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு மோட்டார் ஏறினாள். நினைத்தால் அவள்மேல் கோபம்தான் வருகிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம்.

கருமாதி முடிந்து குமார் வந்தார். "எந்தப் பெட்டியில அக்கா அவ சத்தம் இருக்கு?" என்றார். எதிலும் பதிவாகாது, ஒயரை எடுத்தால் சத்தமும் போய்விடும் என்றேன். மூன்றாவது பெட்டியில் மட்டும் அவள் செருகிய ஒயர்கள் அப்படியே இருந்தன. அதை எடுத்துப்போகட்டுமா என்று கேட்டார். கொடுக்க எனக்கு மனமில்லை. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலுங்கி ஒன்று கழன்றாலும் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது. அதையும் சொன்னேன்.

"மெதுவாப் போறேன். வேற எதையும் தொட மாட்டேன் லா" என்றார்.

எல்லாப் பெட்டிகளையும் போட்டுக் காட்டினேன். பிறகு அவருக்கான பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து போன ஒயரைப் பிடுங்கினேன். எதுவும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாம் ஒன்றாகவே தட்டின. அப்புறம் அவளுடையது மெல்ல மெல்ல முந்திப் போனது. குமார் அதை அணைத்து, துண்டில் சுற்றி எடுத்துப்போனார். மோட்டார் கூடையில் கச்சிதமாக அடங்கியது.

எனக்கென்று இருப்பது அந்த ஒயர்தான். ஒரு முனை இங்குள்ள பெட்டியில் செருகியபடி இருக்கிறது. மறுமுனை மேசையில் கிடக்கிறது. அதைச் சுருட்டி வைக்க எனக்குக் கை வரவில்லை.