சினை ஆட்டோடு செங்கல்பட்டு போய், ஊசி போடாமல் திரும்பின கதை

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆகுது. அவர் விட்டுட்டுப் போனது மூணு வெள்ளாடு. அதுல ரெண்டு, போன மாசம் அடுத்தடுத்து குட்டி வீசிடுச்சு, மாசம் நிறையறதுக்குள்ளயே குட்டி செத்து விழுந்துடுச்சு. மிச்சம் இருக்கறது ஒரு சினை ஆடு, அதுக்கு மூணாம் மாசம். அந்தக் குட்டியையாவது காப்பாத்தணும்னுதான், செவ்வாய்க்கிழமை கடப்பாக்கத்துல இருந்து செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். ஆட்டோட தூரமா போறவங்களுக்கு உதவும்னு, எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதுறேன்.

பஸ்ஸுல ஆட்டை ஏத்த மாட்டாங்க. பக்கத்துத் தெரு சேகரோட குட்டியானை லோடு வண்டியைப் பேசினேன், போக வர ரெண்டாயிரத்து ஐநூறு. காலைல ஆறு மணிக்குக் கிளம்பினோம். மாமல்லபுரத்துல கருவாட்டு மூட்டை இறக்கணும்னு கடலோர ரோட்டுலயே போனான். முன் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. நான் பின்னாடி ஆட்டோடவே உட்கார்ந்துட்டேன். பக்கத்துல உட்கார்ந்தா பேசணும், அதுக்குத் தெம்பு இல்ல.

மாமல்லபுரத்துல மூட்டையை இறக்கிட்டு சேகர் எட்டிப் பார்த்தான்.

“இன்னாக்கா, ஆட்டுக்கு கல்லு கோயில சுத்திக் காட்டலாமா?”

“அது வாயும் வயிறுமா கீது. நீ வண்டிய எடு.”

சிரிச்சுட்டேன். சிரிச்ச உடனே என்னமோ போல ஆயிடுச்சு.

திருக்கழுக்குன்றம் வழியா அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். ஆஸ்பத்திரில டாக்டரம்மா இருந்தாங்க. “கன்னு வீச்சு நோய்க்கு ஊசி கீதாமே, போட்டுடுங்கம்மா”ன்னேன்.

“சினையா இருக்கே, போடக் கூடாதும்மா.”

“மாசமா இருக்கற பொம்பளைங்களுக்குப் போடறாங்களே? ஆட்டுக்கு மட்டும் இன்னா?”

“அது வேற ஊசி. இதுல இருக்கறது உயிரோட இருக்கற கிருமி, பலத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க. சினைல, அதுவும் நடு மாசத்துல போட்டா, ஊசியாலயே குட்டி வீசிடலாம். நம்ம பக்கம் ஆட்டுக்கு இதை வழக்கமா போடறதும் இல்ல. குட்டி வீச வேற காரணமும் உண்டு. முதல்ல ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.”

ஆட்டை என் பக்கம் இழுத்துக்கிட்டேன். நானே கூட்டிகினு வந்து கலைக்கப் பார்த்திருக்கேன்.

ரத்தம் எடுத்துட்டு அவங்க கேட்டாங்க, “வீசின குட்டியை யாரு எடுத்துப் போட்டது?”

“நான்தான். வெறுங்கையால.”

“வேற ஆள் இல்லையா?”

“யாரு கீறாங்க?”

அவங்க என் கையைத் திருப்பி, வெட்டுக்காயம் இருக்கான்னு பார்த்தாங்க. இந்த நோய் மனுசங்களுக்கும் ஒட்டுமாம், அதனால விட்டு விட்டுக் காய்ச்சலோ மூட்டு வலியோ வந்தா டாக்டர்கிட்ட இதையும் மறக்காம சொல்லணும்னாங்க.

ஆடு வச்சிருக்கறவங்களுக்குச் சொல்றேன். எந்த ஊசின்னாலும், ஆடு சினைன்னா முதல்ல அதைச் சொல்லிடுங்க. வீசின குட்டி, நஞ்சுக்கொடியைக் கிளவுஸ் போட்டு எடுத்து, ஆழமா பள்ளம் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. நாய் வாய்ல படக் கூடாது. பாலைக் காய்ச்சாம குடிக்காதீங்க. வண்டில வைக்கோல் பரப்பி, வழில அங்கங்க வண்டியை நிறுத்தி ஆட்டுக்குத் தண்ணி காட்டுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சு. ரத்தத்துல அந்த நோய் இல்லையாம், இப்போதைக்குப் பயம் இல்லையாம். போனை வச்ச வேகத்துல, பழக்கத்துல வூட்டுப் பக்கம் திரும்பி, “யோவ், இதக் கேட்டியா?”ன்னு கத்திட்டேன்.

ஆடுதான் தலையைத் தூக்கிப் பார்த்துச்சு.