தின்னக்கூடிய உறையைத் தேடிப் பொழிச்சலூருக்கு

கடலை மிட்டாயைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்பது எனக்கும் சுதாவுக்கும் நெடுநாள் உறுத்தல். ஊரப்பாக்கத்தில் என் வீட்டுச் சமையலறையில்தான் இருவரும் மிட்டாய் செய்கிறோம். கல்லூரியில் எனக்கு ஜூனியரான வித்யா, பொழிச்சலூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். மிட்டாயோடு சேர்த்தே சாப்பிடக்கூடிய உறை ஒன்றைச் செய்து பார்ப்பதாக போனில் சொன்னாள். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

காலை 9.10 மின்சார ரயில். பல்லாவரத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், ஏறக்குறைய அரை மணி நேரம். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் போல. ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த ஆட்டோக்காரர், "மிட்டாய் கவரையே துன்னலாமா? இன்னாக்கா சொல்ற!" என்று திரும்பியே பார்த்துவிட்டார். (அண்ணா, ரோட்டைப் பாருங்க!)

ஆய்வுக்கூடத்தில் வித்யா ஒரு கண்ணாடித் தட்டிலிருந்து மெல்லிய தாளை உரித்தாள். அந்தப் பக்கம் இருப்பது அப்படியே தெரிந்தது. மேலே விட்ட எண்ணெய் அடுத்த பக்கம் கசியவில்லை. தண்ணீர் பட்டதும் துவண்டுவிட்டது.

"ஈரம்தான்க்கா இதுக்கு எதிரி. கிளிசரின் சேர்க்கலன்னா அப்பளம் மாதிரி நொறுங்கும், கூடிப்போனா கையில ஒட்டும். ஆனா மண்ணுல போட்டா மக்கிப்போயிடும்" என்றாள் வித்யா.

அதற்குள் சுதா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டிருந்தாள். "ருசியே இல்லையே! எதுல பண்றீங்க?"

"ஜெலட்டின்க்கா. மாட்டுத் தோல், எலும்புலேர்ந்து எடுக்கிறது."

சுதா வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. அவள் வாயிலிருந்ததைத் துப்பியதும் வித்யா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் சுதாவிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். போனில் அவள் ஜெலட்டின் என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. அது என்னவென்றும் தெரியும். கறி சாப்பிடுகிற எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. சுதா குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். தாம்பரத்தில் கூட்டம் இறங்கியதும் நான்தான் ஆரம்பித்தேன். "மன்னிச்சிடு சுதா. எனக்குத் தெரியும். சொல்லத் தோணல."

"நான் தின்னது போகட்டும். நாளைக்கு நம்மகிட்ட வாங்குறவங்ககிட்டயும் உனக்குச் சொல்லத் தோணியிருக்காதே?"

ஊரப்பாக்கத்தில் இறங்கியதும் அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வருவாளோ மாட்டாளோ என்றிருந்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்து வெல்லத்தை உடைக்கத் தொடங்கினாள். இப்போது எண்ணெய்த் தாளில் சுற்றுகிறோம். மிட்டாய் சீக்கிரம் நமத்துப்போகிறது. குறைவாகச் செய்து அன்றன்றே விற்கிறோம்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், நண்பகல் வெயிலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பது கொடுமை. மாதிரித் தாள் வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெலட்டின் மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா, மீனிலிருந்தா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். விற்பதாக இருந்தால் அதை உறை மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர், தின்னக்கூடிய உறையைப் பற்றி எங்கோ படித்ததாகவும் நாங்களும் போடலாமே என்றும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் சுதா சொன்னாள்: "நான் சாப்பிட்டுப் பாத்தேன் சார். ஒரு ருசியும் தெரியாது, எதுல பண்ணினதுன்னும் தெரியாது. அதனாலதான் வேணாம்னு விட்டுட்டோம்."