பொத்தானைத் தொடாத டீச்சர்

தொண்ணூறுகளில் ஓசூரில் ஒரு கம்பெனி, அங்குள்ள பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு ஓர் இயந்திர ஆமை கொடுத்தது. பொத்தான்களை அழுத்திவைத்தால் அந்த வரிசைப்படியே தரையில் நகரும். பிள்ளைகள் அதைச் சரியாக ஓட்டினால்தான் ஆமையைப் பள்ளியில் விட்டுவைப்பார்களாம். பார்க்க வந்த கம்பெனி அதிகாரியோடு, பெற்றோர் சங்கத்தின் சார்பில் நானும் போனேன்.

டீச்சருக்குத் தூங்காத கண்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பாடம் நடத்துவார்.

ஒரு சிறுமி மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் ஆமை சுவரில் முட்டியது.

"நீங்களே அழுத்திடுங்க டீச்சர், நேரமாவுது" என்றார் அதிகாரி.

"நான் அழுத்துனா ஓடும் சார். எந்த இடத்துல தப்புன்னு அவளுக்குத் தெரியாமப் போயிடும்."

நான்காவது தடவையும் முட்டியது. ஆமையைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள்.

"எங்கடி திரும்பியிருக்கணும்?" என்றார் டீச்சர், களைத்த குரலில்.

"இக்கட, டீச்சர்" என்று தெலுங்கில் சொல்லி, சிறுமி தரையில் விரல் வைத்தாள். சரியான இடம்தான்.

அந்த டீச்சரை மெச்சுவதா, நொந்துகொள்வதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.