பலராமன் பெயரில் ஒரு கார்

காலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஒரகடம் சாலைத் தடுப்பில் கார் மோதி என் அண்ணன் கொம்பையா இறந்துவிட்டதாகப் போலீஸ்காரர் சொன்னார். தங்கமாரி மதினி நம்பவில்லை. "விபத்துன்னு சொல்லிப் பணம் கேப்பானுவ, உடனே போனை வைன்னு அவுகதான சொல்லியிருக்காக" என்று துண்டித்தாள். மறுபடியும் மணி அடித்தது.

அண்ணன் யாரையும் லேசில் நம்பமாட்டான். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வெளியிலும் அதே கண். வடக்குப்பட்டில் குடியிருந்த வாடகை வீட்டின் உரிமையாளர் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தால், கூடவே நின்று மீட்டரைப் படிப்பான். ஹோட்டலில் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் கிளம்பமாட்டான். போன மாதம் பென்னலூர் பலராமனிடம் பழைய கார் வாங்கியபோது, பானெட்டுக்குள் தலையை விட்டுச் சேஸிஸ் எண்ணைத் தானே சரிபார்த்தான். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று செயலியில் தேடினான். இருந்தது, பலராமன் பெயரில்.

காரியம் முடிந்ததும் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். உரிமையாளரே வண்டி ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குத் தொகை உண்டு. ஆனால் ஆர்.சி.யும் பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். மதினிக்கும் கைக்குழந்தைக்கும் வேறு பிடிமானம் இல்லை. பெயரை மாற்றித் தராமல் பலராமன் வேண்டுமென்றே இழுத்தடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மதினியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

"நா இன்னாமா பண்றது? பேர் மாத்த ஆன்லைன்ல போட்டு, என் ஓடிபியும் குடுத்துட்டேன். அவரு நம்பருக்கு வந்தத சொல்லுங்கன்னு எத்தினி தபா போன் போட்டேன்! 'ஓடிபி கேக்கவன் பூரா களவாணிப்பயதாம்வே'ன்னு கட் பண்ணிட்டாரு. நேர்ல வந்தேன். 'களவாணி வீடு தேடியே வந்துட்டீரா'ன்னு நக்கல் வேற."

"சும்மா கதை விடாதீங்க" என்றேன்.

மதினி என் கையைப் பிடித்தாள். "கதையில்ல செல்வி. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவுக பேசுனதக் கேட்டுச் சிரிச்சேன்."

பலராமன் போனைத் திறந்து, அண்ணனுக்குப் போட்ட அழைப்புகளைக் காட்டி நீட்டினார். அப்போதும் முன்னே பின்னே தள்ளித் தேதிகளைப் பார்த்தேன். இன்றும் அவரை முழுதாக நம்ப மனம் வரவில்லை.

பெயர் மாற்ற விண்ணப்பம் அப்படியே நிற்கிறது. விற்பவர் பக்கம் முடிந்திருக்கிறது. வாங்குபவர் ஓடிபி போட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது.