பம்பரமும் நாத்தனாரின் பெட்டிகளும்

அவளை உட்கார வைப்பது லேசான காரியமில்லை. அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். அவள் நின்றபடி தட்டச்சு செய்வாள், நடந்தபடி பேசுவாள், டீ ஆறுவதற்குள் டம்ளரோடு மாடிப்படியில் இறங்கி ஏறிவிடுவாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அவள் பம்பரம். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

டயர் கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். இணையத்தில் பொருள் விற்க ஆசைப்பட்டு, வழி தெரியாமல் முழிக்கிறவர்கள் சீப்பு, செருப்பு, வாளி, பொம்மை என்று தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். படம் பிடிக்க ஒருத்தி, விவரம் எழுத ஒருத்தி, பார்கோடு பார்க்கப் பம்பரம். கடைப் பொருளின் முதுகில் கறுப்புக் கோடுகளும் அவற்றின் காலடியில் ஒரு நீள எண்ணும் இருக்குமே, அதுதான். ஒரு பொருளுக்கு ஓர் எண், வேறு எதற்கும் அது கிடையாது. அந்த எண் ஒழுங்கானதா, யார் பெயரில் பதிவானது, அதன்மேல் ஏற்கனவே வேறு யாராவது குடியேறி இருக்கிறார்களா என்று மூன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். சரி என்றால் பொருள் கடையேறும். இல்லையென்றால் வாளிக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

எண் ஒழுங்கானதா என்று பார்க்க அவளுக்குக் கணினி தேவையில்லை. ஒன்று விட்டு ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அடுத்த பத்தைத் தொட எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி எண்ணாக நிற்க வேண்டும். இந்தக் கூட்டல் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணில் படுகிற எந்த எண்ணையும் விடமாட்டாள். கல்யாணத்துக்கு முன் கணவனின் போன் எண்ணைக்கூடக் கூட்டிப் பார்த்தாளாம். கணக்கு இடித்தது. போனால் போகிறது என்று கட்டிக்கொண்டாள். அவன் மினி வேன் ஓட்டுகிறவன். அந்த எண் அவளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அந்த வேனில்தான் ஒருநாள் நாத்தனார் வந்து இறங்கினாள். கணவனின் தங்கை. வேலை பார்த்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். “ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அண்ணி” என்றாள். ஒரு வாரம் இருக்க வருகிறவள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவாளா? அதைப் பம்பரம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஹாலில் மெஷின் ஓட ஆரம்பித்தது. கைக்குழந்தைகளுக்கான குட்டித் தலையணைகள். பிறகு அவற்றை வைக்க வெள்ளை அட்டைப் பெட்டிகள் வந்தன. வந்தன என்றால், ஜன்னலை மறைத்து, மின்விசிறியைத் தொடப் பார்க்கிற அளவுக்கு வந்தன. படுத்தால் கணவனின் கால் ஒரு பெட்டியை உதைக்கும், வரிசையே சரியும், மூன்று பேரும் எழுந்து அடுக்க வேண்டும்.

“எத்தனை நாள் அண்ணி உங்க ஹாலை அடைச்சுக்கிட்டு கிடப்பேன்? இது ஓட ஆரம்பிச்சா தனியா ஒரு ரூம் பிடிச்சுப் போயிடுவேன்” என்பாள் நாத்தனார்.

“போறப்போ பெட்டியை மறந்துடாதே” என்பாள் பம்பரம்.

‘கண்ணுறங்கு தலையணைகள்’ என்று இணையத்தில் கடை திறக்கும் வேலையில் பம்பரம் மூக்கை நுழைத்துத்தான் பார்த்தாள். படம் சாய்ந்திருக்கிறது, விவரம் வளவளவென்று இருக்கிறது என்று குறை சொன்னாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “ஆபீஸ்ல ஊரார் பெட்டியை நோண்டறது போதாதா? என் கடையில நீங்க கை வைக்காதீங்க அண்ணி. நானே போட்டுக்கறேன். விழுந்தாலும் என் மூக்குதானே உடையும்?”

பம்பரத்துக்குச் சுருக்கென்றது. பக்கத்திலிருந்த பெட்டியைத் தூக்கி, அதிலிருந்த எண்ணைப் பார்த்தாள். மனம் தானாகக் கூட்டியது. “கணக்கு சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிப் பெட்டியைக் குவியலில் எறிந்தாள். அலுவலகத்தில் மூன்று சோதனை செய்கிறவள், வீட்டில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற இரண்டையும் கோபம் விழுங்கிவிட்டது.

முதல் ஆர்டர் வந்த அன்று நாத்தனார் தெருமுனை வரை ஓடிப்போய் அண்ணனின் வேனை மறித்தாள். அவன் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். இருப்பதிலேயே நல்ல தலையணையாகப் பொறுக்கி, ‘உங்கள் செல்லம் நிம்மதியாகத் தூங்கட்டும்’ என்று கைப்பட எழுதிய சீட்டையும் உள்ளே வைத்து, கூரியர்காரனிடம் குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “பம்பரம், பொறியாளர் போன்ல கத்திக்கிட்டு இருக்காரு.”

பொறியாளர் என்றால் எலிப்பொறி செய்கிறவர். பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பட்டம் எந்தக் கல்லூரியும் தந்ததில்லை, அலுவலகம் தந்தது.

“அவரு பொறி விக்கிற பக்கத்துல ஏதோ புதுக் கடை ஏறி உட்கார்ந்திருக்காம். அதே நம்பர். டூப்ளிகேட் பொறின்னு அவருக்குச் சந்தேகம். அதான் அவரே கமுக்கமா ஒண்ணு ஆர்டர் போட்டுட்டாரு. இன்னிக்குப் பார்சல் வந்துடும், நேரா இங்க கொண்டு வர்றாரு. பிரிச்சு, படம் எடுத்து, புகாரைப் போட்டுடு. புதுக் கடைதானே, ஒரே புகார்ல இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் அந்தப் பேர்ல ஜென்மத்துக்கும் கடை திறக்க முடியாது.”

“சரி சார்” என்று பக்கத்தைத் திறந்தாள். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு ஓர் இரும்புப் பொறி. அதன் கீழே வாங்கியவர்களின் பாராட்டு: ‘முதல் நாளே இரண்டு மாட்டியது.’ அதற்கும் கீழே, விற்பவர்: கண்ணுறங்கு தலையணைகள்.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

“உன் பெட்டியில கோடு இருக்கே, அது எங்கேருந்து வந்துது?”

“பெட்டியோட வந்துது.”

“பெட்டியோடன்னா?”

“அட்டைக்கடையில கோடு போட்டது வேணுமா, போடாதது வேணுமான்னாரு. போட்டதே குடுங்கன்னேன். எல்லாக் கடைப் பெட்டியிலயும் கோடு இருக்கே அண்ணி.”

“பூ டிசைன் மாதிரி அதுவும் ஒரு டிசைன்னு நினைச்சியா?”

“நம்பர்னு தெரியும். பெட்டி செய்யறவங்களே போட்டுக் குடுப்பாங்கன்னு நினைச்சேன். நீங்களும்தான் பார்த்தீங்க. கணக்கு சரியா இருக்குன்னு சொன்னீங்களே.”

பம்பரம் படியில் பாதியில் நின்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் வேறு.

“நம்பரை போன்ல அடிச்சப்போ இந்தப் பொருளான்னு கேட்டிருக்குமே? படம் காட்டியிருக்குமே?”

“கேட்டுச்சு. படம் சுத்திக்கிட்டே இருந்துது. நம்ம வீட்டு சிக்னல் உங்களுக்குத் தெரியாதா? ஆமான்னு அமுக்கிட்டேன். ஏன், என்ன பொருளு அது?”

“எலிப்பொறி.”

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.

“அப்போ அந்த ஆர்டர்...”

“எலிப்பொறிக்கு வந்தது.”

“ஐயோ, நான் சீட்டு வேற எழுதி வச்சேனே!”

“முதல்ல பொருளை நிறுத்து. கடையைத் திற, கீழ போ, நிறுத்துன்னு ஒரு பட்டன் இருக்கும். நான் கை வைக்கலை. உன் கையாலயே அமுக்கு.” மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அழறியா?”

“இல்ல. மூக்கு உடைஞ்சுது. நான்தான் சொன்னேனே.”

அதற்குப் பிறகு பம்பரம் சுழன்ற சுழற்சியைப் பார்த்த டயர் கடைக்காரர், மேலே மேசை நாற்காலிகளை இடம் மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஜன்னலுக்குப் போனாள். வந்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள், கண்ணுறங்கு போய்விட்டிருந்தது. நம்பாமல் மறுபடி புதுப்பித்தாள். ஸ்கேனரை எடுத்துப் பசை டப்பாவைக் கீச்சென்று படித்தாள், தண்ணீர் பாட்டிலைக் கீச்சென்று படித்தாள். முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று அவர் கதவு வரை போவாள், புகார் எழுதப் போவது தன் கைதான் என்று ஞாபகம் வரும், திரும்பி விடுவாள். கதவு அவளைப் பார்த்துச் சலித்திருக்கும்.

மதியம் பொறியாளர் வந்தார். பார்சலை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு படியேறினார். மேசையில் வைத்து, வெளி உறையைக் கிழித்தார். கிழித்ததும் கத்தினார்.

“பெட்டி என்னுது! என் பெட்டிய்யா இது!”

“மெதுவா சார். உள்ள என்னன்னு பார்ப்போம்” என்றார் முதலாளி.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. விரல் போயிடும்.” ஓர் அடிக்கோலை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை நெம்பினார். எதுவும் ‘படக்’ என்று மூடவில்லை. எட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணியில் மஞ்சள் விளிம்பு வைத்து, உள்ளங்கை இரண்டைச் சேர்த்தாற்போல் ஒரு தலையணை. அடிக்கோலால் குத்தினார். அமுங்கியது. சீட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

“உங்கள் செல்லம் நிம்மதியாகத் தூங்கட்டும்.” நிமிர்ந்தார். “எந்தச் செல்லம்? எலியா?”

முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“என்னை வச்சு விளையாடறாங்களா? யாரும்மா இவங்க?”

“என் நாத்தனார் சார்” என்றாள் பம்பரம். மேசையை வலம் வந்தபடியே, அட்டைக்கடையிலிருந்து சிக்னல் வரை ஒரே மூச்சில் கொட்டினாள். தான் எண்ணைப் பார்த்ததையும், அத்தோடு விட்டதையும் சேர்த்தே சொன்னாள்.

“முதல்ல உட்காரும்மா. எனக்குத் தலை சுத்துது” என்றார் பொறியாளர்.

கைப்பையைத் தூக்கிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் பிடிக்கிறவள் அதைப் படம் பிடிக்காமல் போனதற்கு இன்னும் வருத்தப்படுகிறாள்.

“அளவு தப்பு. ஒரு விரல் பெருசு. பொறி உள்ள ஆடுதுன்னு திருப்பி அனுப்பின பெட்டி. அந்த அட்டைக்காரப் பாவி என் கோட்டை அழிக்காம வெளியில வித்திருக்கான்” என்றார் பொறியாளர். அவர் கை தலையணையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

“அப்போ புகார்?” என்றார் முதலாளி.

பம்பரத்தின் திரையில் புகார்ப் பக்கம் திறந்தே கிடந்தது. அவள் முழங்கால் ஆடியதில் மேசையும், மேசையோடு திரையும் ஆடின.  பொறியாளர் தலையணையின் மூலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொருள் செய்கிறவர் பார்க்கிற பார்வை.

“இந்த மூலையை எப்படித் திருப்பினாங்க? தையல் முடிச்சே தெரியலையே.”

“தெரியாது சார்” என்றாள் பம்பரம். “கேட்டதே இல்ல.”

“டூப்ளிகேட் பொறி வித்தா புகார் போடலாம். இது பொறியே இல்லையே, என்னன்னு எழுதுவீங்க? பக்கத்துலேருந்து எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார்.”

“மிச்சப் பெட்டி அத்தனையிலயும் என் கோட்டை அழிக்கணும். ஒண்ணு வெளியில தலை காட்டினாலும் நானே புகார் போடுவேன். அட்டைக்காரனை நான் பார்த்துக்கறேன்.” தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

“சார், அது...”

“காசு குடுத்து வாங்கினதும்மா. வண்டியில கழுத்துக்கு ஆகும்.”

சாயங்காலம் வீடு முழுக்க மார்க்கர் மை நெடி. பெட்டிகளை இறக்கிப் போட்டு, அண்ணனும் தங்கையும் கோடுகளின் மேல் கறுப்பு தீட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மூக்கு நுனியும் கறுப்பாகிவிட்டிருந்தது, யாரும் சொல்லவில்லை. பம்பரம் நாத்தனாரின் பெயரிலேயே, நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொந்த எண்ணுக்கு விண்ணப்பித்தாள். ஒவ்வொரு பட்டனையும் அமுக்கியது நாத்தனாரின் விரல். கடைசியில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்து நின்றது.

“இது வர்ற வரைக்கும் கடை இல்ல” என்றாள் நாத்தனார்.

“இல்ல.”

“அப்போ ரூமும் இல்ல. நான் இங்கதான்.”

“பெட்டியும் இங்கதான்.”

“உங்களுக்குத்தான் கஷ்டம் அண்ணி. போறப்போ மறக்காம எடுத்துட்டுப் போயிடறேன்.”

பம்பரம் குவியலிலிருந்து ஒரு தலையணையை எடுத்தாள். “இந்த மூலையை எப்படித் திருப்பறே?”

கிண்டலா என்று நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் தைத்து முடிக்காத ஒன்றை எடுத்தாள். மூலையில் மிச்சத் துணியைக் கத்தரித்து, மொட்டைப் பென்சிலால் உள்ளிருந்து நெம்பி, விரலால் நீவி, வெளியே கொண்டுவந்தாள். பம்பரம் செய்து பார்த்தாள். அவள் திருப்பிய மூலை உருளைக்கிழங்கு போல வந்தது.

“அவசரம் கூடாது அண்ணி. துணி கோவிச்சுக்கும்.” சிரித்துவிட்டு நாத்தனார் போனை நீட்டினாள். “வந்துடுச்சான்னு ஒரு தடவை பாருங்களேன்.”

“எதுக்கு? நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

கணவன் மார்க்கரோடு நிமிர்ந்தான். இந்த வாயிலிருந்து இந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. “உடம்பு ஏதும் சரியில்லையா?”

“நீ உன் பெட்டியைப் பாரு” என்றாள் பம்பரம், இன்னொரு மூலையைக் கையில் எடுத்தபடி. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாலும், அதன் மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆட்டத்தில் மிதிபலகை அசைந்து, மெஷின் தானாக இரண்டு தையல் போட்டது.