புகை இறங்கிய அறை

ஈரானின் அர்தபீலில் முதல் பனி விழுந்துவிட்டால் எய்வாஸை வீட்டில் பிடிக்க முடியாது. பாதி ஊருக்குக் கணப்பு ஞாபகம் வருவதே அன்றைக்குத்தான். கேஸ் கணப்பு பூட்டிக் கொடுக்க அவர் உரிமம் வாங்கி இருபத்திரண்டு வருடமாகிறது. ஊரார் மரியாதையாக 'உஸ்தா', அதாவது மேஸ்திரி, என்பார்கள். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். சோப்பு நுரையைப் பூசி, கேஸ் கசிந்து குமிழி வருகிறதா என்று பார்க்காமல் ஓர் இணைப்பையும் விட்டு எழுந்ததில்லை. "உஸ்தா எய்வாஸ் வந்தா டீ மூணு தடவை ஆறிப்போகும்" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

அந்த வருடம் ஹாஜி நெமத்தின் வீட்டுப் பின்கட்டில் மொஹப்பத் என்பவன் குடிவந்திருந்தான். நமீன் ஊருக்கு மினிபஸ் ஓட்டுகிறவன். மனைவி தெல்பர், ஏழு மாதப் பெண் குழந்தை. புதிதாக வாங்கிய கணப்பைப் பூட்ட எய்வாஸை அழைத்திருந்தார்கள். உள்ளே காற்றாடி வைத்த ரகம் அது. கேஸோடு கரண்ட்டும் வேண்டும்.

"நம்ம பஸ்ஸே இந்த வீட்டுக்குத் தேவலாம் உஸ்தா. உள்ள கதகதப்பா இருக்குன்னு ஏறினவங்க இறங்க மாட்டேங்கறாங்க" என்று மொஹப்பத் சிரித்தான்.

எய்வாஸ் ரப்பர் குழாயை மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப்பை முறுக்கினார். பிளக்கைச் செருகி, கணப்பின் தகரத்தில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் விளக்கு லேசாக எரிந்தது, தகரத்தில் கரண்ட் கசிகிறது. சுவரில் எர்த் கம்பியே இல்லை. பிறகு ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கித் துளையருகே பிடித்தார். புகை மேலே போகாமல் அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

அவர் ஹாஜியைக் கூப்பிட்டார். "மேல குளியலறை கட்டினீங்களே, இடிச்ச கல்லு எல்லாம் உள்ள விழுந்திருக்கு. அடைச்சுக்கிட்டிருக்கு."

"பத்து வருஷமா இங்க கணப்பு எரியுது. யாரும் செத்துப் போகல."

"இனிமே எரியக்கூடாது, ஹாஜி. புகை போகலன்னா அறைக்குள்ள நச்சுக் காத்து சேரும், அதுக்கு வாசனை கிடையாது. தூங்கற மாதிரி கொண்டுபோயிடும்."

"பனி நிக்கட்டும், ஆள் ஏத்திப் பாக்கறேன். இதுல யாரு கூரைமேல ஏறுவா?"

தெல்பர் குழந்தையைக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தாள். "பிள்ளைக்கு மூக்கு நுனி நீலமாகுது அண்ணா. பகல்ல மட்டும் எரிச்சுக்கறோமே."

"பகலும் ஒண்ணுதான் தங்கச்சி."

அவர் குழாயைக் கழற்றினார். கேஸ் திருகை அடைத்தார். ரசீதில் 'இணைக்கவில்லை, புகைக்குழாய் அடைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னும் நான்கு வீடுகள் காத்திருந்தன. குழாயையும் கிளிப்புகளையும் கணப்பின் மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மொஹப்பத்துக்கு விடுமுறை. குழந்தையைக் குளிப்பாட்டத் தெல்பர் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போனாள், அங்கே சூடாக இருக்கும் என்று. அவள் திரும்புவதற்குள் அறையைச் சூடாக்கி வைக்கலாமென்று மொஹப்பத் தானே குழாயை மாட்டினான். கணப்பு நன்றாகவே எரிந்தது. மதியம் அவள் வந்தபோது அவன் கம்பளத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து அவன்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். தலை சுற்றி அவளே கதவருகே உட்கார்ந்த பிறகுதான், விட்டுப்போன துண்டைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி நிலைமையைப் புரிந்துகொண்டு குழந்தையையும் அவளையும் வெளியே இழுத்தாள். மொஹப்பத் எழவேயில்லை.

காவல் நிலையத்தில் எய்வாஸை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதிகாரி ரசீதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க மேல தப்பு இல்ல. போகலாம்."

எய்வாஸ் பனியில் நடந்தே வீடு வந்தார்.

துக்க வீட்டுக்கு அவர் போனார். ஆண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார். கிளம்பும்போது நடையில் தெல்பர் வந்து நின்றாள்.

"அந்தக் குழாய ஏன் வச்சுட்டுப் போனீங்க?"

"அது நீங்க வாங்கினது தங்கச்சி." சொல்லும்போதே அது ஒரு பதிலாகாது என்று அவருக்குத் தெரிந்தது.

"உங்க மேல பழி போடல. மாட்டட்டுமான்னு எங்கிட்ட கேட்டாரு. நான்தான் சரின்னு சொன்னேன். அவங்க அம்மாகிட்ட இதச் சொல்ல முடியாது. யாருகிட்டயாவது சொல்லணுமில்ல, அண்ணா?"

அவர் தலையசைத்தார். அதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு, பூட்ட மறுத்த வீடுகளில் திருகை அடைத்ததோடு அவர் நிற்கவில்லை. பித்தளை மூடியை முறுக்கிக் கேஸ் குழாயின் வாயை அடைத்தார். ரப்பர் குழாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். "எங்க பொருள எடுத்துட்டுப் போறியே, திருட்டுப் பயலே" என்று ஒருவன் தெருமுனைவரை துரத்தி வந்தான். எய்வாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை குறைந்தது. சட்டென்று முடித்துவிட்டுப் போகிற ஆட்களை ஜனங்கள் தேடிக்கொண்டார்கள்.

வசந்தத்தில் தெல்பர் குழந்தையோடு மெஷ்கினில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கணப்பை எடுத்துப் போகவில்லை. இலையுதிர் காலத்தில் ஹாஜி நெமத் ஆள் அனுப்பினார். பின்கட்டுக்குப் புதிதாக ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இருவரும் நடுவயதுக்காரர்கள், தையல் வேலை.

எய்வாஸ் முதலில் கூரைமேல் ஏறினார். கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் வாளி வாளியாக வெளியே எடுத்து, புகைபோக்கியின் தலைக்குத் தொப்பி மாட்டினார். எர்த் கம்பி இழுத்தார். மின்கம்பி ரப்பர் குழாயைத் தொடாமல் தள்ளிப் பிடித்து ஆணியடித்தார். காகிதம் கொளுத்தினார். புகை மேலே போனது. நுரை பூசினார். குமிழி வரவில்லை. கணப்பு எரிந்தது.

"இவ்வளவு நேரமா உஸ்தா?" என்றாள் தையல்காரி. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தபடி, "முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

ஹாஜி அவசரமாகச் சொன்னார்: "யாரோ ஒரு டிரைவர். போயிட்டான்."

"பேரு மொஹப்பத்" என்றார் எய்வாஸ். மீதியையும் சொன்னார், அடைப்பிலிருந்து போர்வைவரை. தெல்பர் நடையில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

ஹாஜி முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். அவள் எழுந்துபோய் ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தாள்.

"அது போதுமா உஸ்தா?"

"இப்ப புகைக்குழாயே புகைய இழுக்குது. இருந்தாலும் திறந்தே இருக்கட்டும்."

இந்த முறை அவர் உடனே கிளம்பவில்லை. கருவிகளைப் பையில் போட்டுவிட்டு, கணப்பின் எதிரே சுவரில் சாய்ந்து, தீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.