ஸ்டெல்லா டீச்சர் காட்டாத படம்

நெய்யாற்றின்கரை பேருந்து நிலையத்தில் பாறசாலை வண்டிக்காக நின்றிருந்தேன். எங்கள் பாலிடெக்னிக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லேப் உதவியாளர் தோளைத் தொட்டார். "சாரே, அறிஞ்சியளா? ஸ்டெல்லா டீச்சர் போயாச்சு. நெஞ்சுவலியாக்கும்." வந்த வண்டியில் நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

டீச்சர் குளத்தூர்ப் பக்கம் கடற்கரையில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இயந்திரவியல் துறையில் எனக்குப் பக்கத்து மேசை. பாடம், நீர் ஓடும் விதத்தைக் கணக்கிடும் பாய்ம இயக்கவியல். வகுப்பில் அவர் சிரித்ததாக எந்த மாணவரும் சொல்ல மாட்டார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நீரோட்டத்தைக் கணக்கிடும் தன் கணினி நிரலை, அதன் மூலக்குறியீட்டோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டிருந்தது. தெரிந்தவர் ஒருவர் அதைப் பிளாப்பிகளில் கொண்டுவந்து தந்தார். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினோம். ஒரு பிழையைத் திருத்தினால் ஒன்பது பிழை வரும். திருத்தி முடிக்கும்போது மின்சாரம் போகும். மூடி மட்டும் நகரும் ஒரு பெட்டி, அதற்குள் தண்ணீர்: அதுதான் முதல் பயிற்சி. ஒருநாள் மத்தியானம் திரையில் அந்தத் தண்ணீர் சுழன்றது. நான் கைதட்டினேன். டீச்சர் சொன்னார்: "இது பெட்டிக்குள்ள கெடக்குத தண்ணி சாரே. கடலு இதவிட கள்ளன் ஆக்கும்."

அந்த மழைக்காலத்தில் டீச்சரின் ஊரில் கடல் முன்வரிசை வீடுகளை எடுத்தது. கடலுக்குள் நீளும் கல்சுவர், ஊர்க்காரர்கள் சொல்லும் புலிமுட்டு, வேண்டுமென்று ஊர் கேட்டது. டீச்சர் அந்தச் சுவரைக் கணினியில் போட்டுப் பார்த்தார். அழகான வண்ணப் படம் வந்தது. சுவருக்குப் பின்னால் நீர் அடங்கிக் கிடந்தது. அவர் அண்ணன் அந்தோணியின் வீடு அங்கேதான். செய்தி ஊரில் பரவியது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் அதிகாரிகளிடம் படத்தைக் காட்டுவதென்று முடிவாயிற்று.

சரிபார்க்க, கணினி கடலைப் பிரித்து வைத்திருந்த கட்டங்களை டீச்சர் சிறிதாக்கி மறுபடி ஓடவிட்டார். சுவரோரம் நீர் சுழலும் இடம் வேறு பக்கம் போனது. இன்னும் சிறிதாக்கினார். அது மறுபடி நகர்ந்தது. கணக்கு சரியென்றால் அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

அந்தோணி லேபுக்கே வந்துவிட்டார்.

"பிள்ளே, மொதல்ல வந்த படத்தக் காட்டினா மதி, அது போரும். கலர் உண்டுல்லா, அவிய நம்புவாவ."

"நம்புவாவ. அதாக்கும் எனக்குப் பயம்."

"எனக்க வீடு போவும்."

"அண்ணே, கல்லு போட்டு கடலு அப்புறத்துக்குத் திரும்பி, அங்க உள்ள ஆளுவளுக்க வீடு போனா, நான் யாருட்ட மொகத்தக் காட்டுவேன்?"

அதிகாரிகள் வந்தார்கள். டீச்சர் வெறுங்கையோடு எழுந்து நின்று, "கல் காக்குமா என்று எனக்குத் தெரியாது. கணினி இன்னும் பதில் சொல்லவில்லை. கடலை அளந்து பாருங்கள். அதுவரை இந்தக் குடும்பங்களுக்கு வேறு இடம் கொடுங்கள்" என்றார். தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் அளக்கவில்லை, இடமும் தரவில்லை. அடுத்த மழையில் அந்தோணியின் வீடு போயிற்று. அண்ணியும் பிள்ளைகளும் டீச்சரின் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அந்தோணி மட்டும் வரவில்லை, வலைக்கொட்டகையிலேயே தங்கினார். தங்கையோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் டீச்சர் அந்தக் கணக்கை விடவில்லை. எங்கள் சின்னக் கணினிக்கு அந்தக் கடல் அடங்கவும் இல்லை. "மடுத்து சாரே" என்று களைப்போடு சலித்துக்கொள்வார். சொல்லிவிட்டு மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பின்னாளில் அதிகாரிகள் யாரையும் கேட்காமல் கல் கொண்டுவந்து கொட்டினார்கள். அது யாரைக் காத்தது, யாரை வாரிக்கொண்டது என்று கரையில் இன்றும் இரண்டு பேச்சு உண்டு.

அடக்கத்தன்று அந்தோணி கல்லறைத் தோட்டத்து மதிலோரம் தனியாக நின்றார். மண் போட்டபின் என்னிடம் வந்தார்.

"சாரே, அண்ணைக்கு அவ படத்தக் காட்டியிருந்தா, கல்லு வந்திருக்குமா? எனக்க வீடு நிண்ணிருக்குமா?"

"தெரியாது" என்றேன்.

"அவளும் அதத்தான சொன்னா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்த அஞ்சலியை வாசிக்கும், டீச்சரோடு பழகிய உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது 'தெரியாது' என்ற அந்தச் சொல். வீடு இழந்தவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும்போது, டீச்சர் எவ்வளவு களைத்திருப்பார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.